கழற்றிய சக்கரம்

ஃப்ளூரின் பதினோரு வருடம் சைக்கிள் பந்தயம் ஓட்டினான். ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவன் வேலையும் இல்லை. அணித் தலைவன் டாரியோவுக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பது, காற்றை மறைத்து முன்னால் மிதிப்பது, தலைவனுக்குப் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது, இதற்குத்தான் சம்பளம். டிவிக்காரர்கள் பந்தயத்தைக் காட்டத் தொடங்கும்போது அவன் வேலை முடிந்து, பின்னால் எங்கோ வந்துகொண்டிருப்பான்.

அவன் அப்பா பால்ட்சர் எனக்குச் சித்தப்பா. தினமும் என் விடுதிக்கு வந்து டிவிக்கு மூக்கு முட்ட உட்காருவார்.

"ஊர்சினா, அவன் எங்கம்மா?" என்று என்னைக் கேட்பார்.

"பின்னாடிதான் சித்தப்பா."

"சாகறதுக்குள்ள ஒரு தடவை முன்னால பாத்துடணும்."

ஃப்ளூரினின் கடைசி வருடம் பந்தயம் எங்கள் ஊர் வழியாக வந்தது. பந்தயக்காரர்களிடம் ஒரு மரியாதை உண்டு. ஒருவனுடைய ஊர் வந்தால் மற்றவர்கள் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் போகவிடுவார்கள். அவன் வீட்டாரைக் கட்டிப்பிடித்துவிட்டு மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொள்வான்.

"அப்பாவ நீரூற்றுகிட்ட நிக்க வை அக்கா" என்று எனக்குப் போன் செய்தான். சித்தப்பா சர்ச்சுக்குப் போகும் கோட்டை மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்து நின்றுவிட்டார்.

பதினொன்றரைக்கு, தூரத்தில் அவன் தெரிந்ததும், பக்கத்தில் நின்ற நான் கத்தினேன். "கல்லறை வளைவுல வர்றான் சித்தப்பா! தனியா வர்றான்!"

அதற்குள் அவன் இறங்கிவிட்டான். குனிந்து முன் சக்கரத்தைக் கழற்றி, கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். கூட்டம் மொத்தமும் அவனைத் தாண்டிப் போனது. டாரியோவும் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சக்கரத்தை மாட்டிக்கொண்டு, கார்களுக்கெல்லாம் பின்னால், கடைசி ஆளாக வந்தான். சித்தப்பா அவன் முதுகைத் தட்டினார். "போ போ, நேரமாகுது" என்றார். அவ்வளவுதான்.

இரவு போனில் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

"எதுக்குடா நின்ன?"

"டாரியோவுக்குப் பஞ்சர்னு காதுல மாட்டியிருக்கிற ரேடியோல சொன்னாங்க."

"உன்னையா கூப்பிட்டாங்க?"

"இல்ல. அவன் பக்கத்துல இருந்தவன் சக்கரம் குடுத்துட்டான்."

"பின்ன?"

"தெரியலக்கா. கை தானா கழட்டிருச்சு."

அழுதிருந்தால் மன்னித்திருப்பேன். பஸ் நேரம் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான்.

அந்தக் குளிர்காலத்தில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். ஃப்ளூரின் பந்தயத்தை விட்டுவிட்டு இப்போது தபால் துறையின் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் ஆட்களை ஏற்றி ஓட்டுகிறான். கல்லறை வளைவில் தினமும் ஆறு தடவை திரும்புகிறான். என் விடுதிக்கு எதிரேதான் நிறுத்தம். காபி வாங்கிக்கொண்டு நின்றபடியே குடிப்பான். பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போன வாரம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"டேய், உங்கப்பா சாகற வரைக்கும் இங்க எல்லார்கிட்டயும் என்ன சொல்லிட்டிருந்தார் தெரியுமா? கல்லறை வளைவுல என் பையன் தனியா வந்தான், என் கண்ணால பாத்தேன்னு."

காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் பேசினான்.

"அவருக்குப் பத்தடிக்கு மேல கண்ணு தெரியாதுக்கா. டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். நீ சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வெளியே போனான். பத்து மணி பதினேழுக்குப் பஸ் கிளம்பியது.