அளவு ரவிக்கையும் ஒரு கறுப்புப் பேன்ட்டும்

பெண்களுக்குத் துணி தைக்கிறவனுக்கு முதலாளிகள் மூன்று பேர்: உடுத்துகிறவள் ஒருத்தி, காசு கொடுக்கிறவர் ஒருவர், பார்த்து முகம் சுளிக்கப்போகிறவர் ஒருவர். ஊசியும் கத்தரியும் பிடித்துப் பிழைக்கும் என் இனத்தாரே, இந்த மூவருக்கும் பிடித்த மாதிரி ஒரு ரவிக்கையாவது உங்களில் யாராவது தைத்ததுண்டா? ரங்கூன் என்கிற யாங்கூன் நகரத்துப் பபேடான் பேட்டையில், பலகாரக் கடையை ஒட்டிய ஆறடி அகலக் கடையில், இருபத்தெட்டு வருஷமாக நான் முயன்றுகொண்டிருக்கிறேன். சமீப காலமாக அந்த மூன்று முதலாளிகளில் இரண்டு பேருக்கு வேலை போய்க்கொண்டிருக்கிறது. நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருத்தத்துக்கே வராத வாடிக்கை

எங்கள் தெருவில் ஆண் தையல்காரன் பெண்கள்மேல் டேப் வைப்பதில்லை. பழைய ரவிக்கை ஒன்று பையில் வரும். அதை மேசையில் விரித்து, அளந்து, புதியதைத் தைப்போம். அதற்குப் பெயர் அளவு ரவிக்கை. பையைக் கொண்டுவருவது பெரும்பாலும் அம்மாவோ புருஷனோதான். பருப்புக் கடை முத்தையா தன் மனைவி சரஸ்வதிக்காக ஒரு நீல ரவிக்கையைப் பதினோரு வருஷம் இப்படித்தான் சுமந்தார். "கழுத்த ஏத்தி வைங்க, கை முழங்கை வரைக்கும்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டார். ஒரு தரம்கூடத் தைத்தது திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. என் கைத்திறமைக்கு அதையே சாட்சியாகப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், அந்த நீல ரவிக்கையோடு ஒரு பெண் வந்து நின்றாள். ரவிக்கையைத் தெரிந்தது, ஆளைத் தெரியவில்லை. ரவிக்கைக்காரி நல்ல தாட்டியான ஆளாக இருக்க வேண்டும். வந்தவளோ முருங்கைக்காய் மாதிரி இருந்தாள். "சரஸ்வதிக்கு நீங்க என்ன வேணும்மா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ரவிக்கையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான்தாண்ணே சரஸ்வதி. இது எங்க மாமியாரோட ரவிக்கை. தொளதொளன்னு இருந்தாத்தான் மரியாதைன்னு கல்யாணத்தப்ப அவங்க குடுத்துவிட்டது. பதினோரு வருஷமா நீங்க அவங்களுக்குத்தான் தைக்கிறீங்க, நான் ஊக்கு குத்திப் போட்டுக்கிறேன். இன்னிக்கு என்னைய அளங்க."

காலைத் தூக்கிப் போட ஒரு தமெய்ன்

தங்கம்மா அக்காவுக்கு நகரத்துக்கு வெளியே மாவ்பியில் காய்கறித் தோட்டம். துணி வாங்க பஸ் ஏறி இங்கே வருவார். யாங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை, ஆனால் மாவ்பிப் பக்கம் அது இல்லாமல் சந்தைக்குப் போக முடியாது. நம் பெண்கள் லுங்கி மாதிரி இடுப்பில் சுற்றுகிற பர்மியத் தமெய்னோ, வண்டியில் காலை அகட்டி உட்கார விடாது. பின்னால் ஒரு பக்கமாக உட்காரலாம், ஓட்ட முடியாது. "முன்னாடி உக்காந்து ஓட்டுற மாதிரி ஒண்ணு தைச்சுக் குடு தம்பி" என்றார்.

நான்கு நாள் மண்டையைக் குடைந்து, உள்ளே பேன்ட், வெளியே தமெய்ன் மடிப்பு என்று ஒன்றைத் தைத்துவைத்தேன். அக்கா அதைப் போட்டுக்கொண்டு, தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, என் முக்காலியில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஜம்மென்று உட்கார்ந்தார். ஐம்பது வயது. எனக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை. வீட்டுக்கார அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டாரா என்று கேட்டேன். "அவரு என்னத்தச் சொல்றது? கத்திரிக்கா மூட்டைய மடியில வச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காந்து வர்றவரு. மெதுவாப் போன்னு மட்டும் சொல்லுவாரு."

கொடி

தமெய்ன் தொங்கும் கொடிக்கு அடியில் ஆண் நடந்தால் அவனுடைய மகிமை போய்விடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனாலும் ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? அதனால் என் கடையில் கொடி முழங்கால் உயரத்தில் இருந்தது. தைத்து முடித்த துணியின் கரையெல்லாம் தரையில் புரண்டு தூசி குடிக்கும்.

முடியைக் காதோடு வெட்டிய ஒரு பர்மியக் கல்லூரிப் பெண், மா சூ என்று பெயர், தன் தமெய்னை முழங்காலளவுக்குக் குட்டையாக்கக் கொடுத்திருந்தாள். அது தூசியில் கிடப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டாள். நான் வெகு பவ்யமாக விளக்கினேன். அப்போது தைத்துக்கொண்டிருந்ததும் யாரோ ஒருத்தியின் தமெய்ன்தான். இன்று என் கொடி தலைக்கு மேலே கட்டியிருக்கிறது என்றால், என்னை மாமா முறையில் ஊலே என்று கூப்பிட்டு அவள் பர்மியத்தில் கேட்ட இந்தக் கேள்விதான் காரணம்: "ஊலே, நாள் பூரா அது உங்க மடியிலதானே கிடக்குது. அப்ப மட்டும் மகிமை டீ குடிக்கப் போயிடுமா?"

எப்பவும் போல

குளிர்காலத்தில் சரஸ்வதி மறுபடி வந்தாள். பின்னலைக் காணோம். பக்கத்துப் பேட்டை லத்தாவில் போய்க் கழுத்தோடு வெட்டிக்கொண்டாளாம். கறுப்புப் பேன்ட் ஒன்று, காலர் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்று வேண்டும் என்றாள். ஒரு ஓட்டலில் அறைகளை மேற்பார்வை பார்க்கும் வேலைக்கு நேர்முகம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த உடையில்தான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு முப்பத்தஞ்சு ஆகுதுண்ணே. இது போச்சுன்னா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. கடைசி வரைக்கும் பருப்புப் புடைக்க வேண்டியதுதான்" என்றாள். என் மனைவி திரைக்குப் பின்னால் அளவெடுத்தாள்.

சாயங்காலம் முத்தையா வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். வேலைக்குப் போகட்டுமாம். பேன்ட் போட்டுக்கொண்டு தன் கடை வாசலைத் தாண்டிப் போனால் தெரு என்ன சொல்லும் என்பதுதான் அவர் கவலை. அவர் தங்கைகள் மூன்று பேரின் கல்யாணத் துணியும் என்னிடம்தான் வரவிருக்கிறது என்பதையும் நடுவில் நினைவுபடுத்தினார். தைக்க மாட்டேன் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, அப்பிடிச் சொன்னா வேற கடைக்குப் போயிருவா. நீங்க எப்பவும் போல லேட் பண்ணுங்கண்ணே, அது போதும்."

கால் மெஷின்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அப்படியே செய்தேன். துணியை வெட்டி, பாக்கெட் மட்டும் தைத்துவிட்டு, மூட்டை கட்டி வைத்தேன். மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் அந்தத் தங்கைகள் கண்முன்னால் வந்து நின்றார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே சரஸ்வதி வந்துவிட்டாள். "கரண்டு இல்லம்மா" என்றேன். இந்த ஊரில் அந்தச் சாக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவள் என் மெஷினின் மிதிபலகையைப் பார்த்தாள். "கால் மெஷினுக்கு எதுக்குண்ணே கரண்டு?"

உன் புருஷன் வந்தார், நான் தலையாட்டினேன் என்று உண்மையைக் கொட்டிவிட்டேன். தைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிடும், நேர்முகம் போயிற்றே என்று எனக்கே அழுகை வந்தது. அவள் அழவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தையுங்க. இன்டர்வியூ வியாழக்கிழமை" என்றாள்.

அன்று மிதித்த மாதிரி என் ஆயுளில் நான் மிதித்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு அவள் அதை உடுத்திக்கொண்டு, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். பருப்புக் கடை வாசலில் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முத்தையா படியில் அள்ளிய பருப்போடு அப்படியே நின்றார். வேலை கிடைத்தது. தங்கைகளின் கல்யாணத் துணி வேறு கடைக்குப் போனது, போகட்டும்.

அன்று அவள் படி இறங்கும் முன், திங்கட்கிழமை என்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டிருந்தேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: "அவரு உங்ககிட்ட வருவாருன்னும் தெரியும், நீங்க சரிம்பீங்கன்னும் தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தாண்ணே மூணு நாள் முன்னாடி வச்சேன்."

ஆகவே, என் இனத்துத் தையல்காரர்களே, இனி சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுத்துவிடுவதே நமக்கு மரியாதை, ஏனென்றால் நம் சாக்குக்கும் சேர்த்து நாள் ஒதுக்கிவிட்டுத்தான் அவர்கள் கடைப்படியே ஏறுகிறார்கள்.