கட்டைவிரலுக்குப் பதினான்கு நாள்

எங்கள் பேக்டரியில் வருடம் பூராவும் குளிர்காலம்தான். சுங்கை வே என்கிற ஊரில், உறையவைத்த பரோட்டாவைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் இடம் அது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே மூச்சு விட்டால் புகை வரும். தடித்த ஜாக்கெட்டும் இரண்டு அடுக்குக் கையுறையும் கொடுப்பார்கள். ஆனால் லேபிள் ஒட்டும்போது கையுறையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். நான் பதினோரு வருடமாக லேபிள் ஒட்டுகிறேன். என் கை எப்படி இருக்கும் என்று என் கணவரைக் கேட்டால், "உப்புத்தாள் வாங்கற காசு மிச்சம்" என்பார்.

தோல் வறண்டு வெடிப்பதை நான் ஒரு நோவாகவே நினைத்ததில்லை. வேலைக்குப் போகிறவள் கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் கவுண்டரில்தான் அதற்குத் தண்டனை கிடைத்தது.

என் ஒரே மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். வடக்கே, பனி கொட்டும் ஊர். தலைப்பிரசவம், ஜனவரியில். டிசம்பர் கடைசியில் நான் அங்கே இருக்கவேண்டும் என்று மருமகன் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். என் பாஸ்போர்ட் காலாவதியாகி நாலு வருடம். புதுப்பிக்கப் போனால், ஐசி என்னும் அடையாள அட்டையில் இருக்கும் ரேகையோடு என் கட்டைவிரல் ரேகை ஒத்துப்போகவேண்டுமாம். கண்ணாடிமேல் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன். சிவப்பு. இடது விரல், அதுவும் சிவப்பு.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "மக்சிக், ஜாரி கெரிங் லா" என்றாள். அத்தை, விரல் காய்ந்து கிடக்கிறது என்கிறாள். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தாள். நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னாள். பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, நான் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து விரலை அழுத்தினேன். இயந்திரம் மசியவில்லை. பாவம், அவளும் எவ்வளவோ முயன்றாள். கடைசியில், கிரீம் போடுங்கள், குளிர் வேலைக்குப் போகாதீர்கள், பதினான்கு நாள் கழித்து வாருங்கள் என்றாள். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கவும் வழி இருக்கிறது, ஆனால் எத்தனை நாளாகும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றாள். அந்தப் பதினான்கு நாள் போக, விமானத்துக்குப் பத்து நாள் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்ததும் மகளை வீடியோவில் அழைத்துக் கையைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"மா, எனக்கு இங்க மொத வின்டர்ல இதே கதிதான். காலெல்லாம் செதில் செதிலா வந்துச்சு. நான் சொல்றதக் கேளு. சுடுதண்ணி கூடவே கூடாது, வெதுவெதுன்னு போதும். துண்டால தேய்க்காத, ஒத்தி எடு. ஈரம் போறதுக்குள்ள கிரீம் போட்டுரணும், காஞ்சப்புறம் போட்டா வேஸ்ட்டு. மேல வேஸ்லின் தடவி, பருத்தி கிளவுஸ் மாட்டிக்க. சோப்பு, கிளோரோக்ஸ் பிளீச் எதையும் தொடாத."

"பாத்திரம்?"

"அப்பா கழுவட்டும். நீ கையச் சும்மா வைமா. அதான் மருந்தே."

மற்றதெல்லாம் செய்துவிடலாம். சும்மா வைப்பதுதான் எனக்கு வராது. சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கையுறையோடு வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். கிள்ளானில் எங்கள் பிளாட்டில் வாசலிலிருந்து பின்கட்டுவரை நடந்தால் பதினெட்டு எட்டு. ஒரு நாளில் எத்தனை முறை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ரேகை வந்துவிட்டதா, இல்லை வெறும் வெடிப்புதானா?

என் கணவர் முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டி கழுவுவதையும் லோரி கழுவுவது மாதிரியே செய்தார். பைப்பைத் திறந்துவிட்டு நாலு இழுப்பு. தட்டில் மீன் வாடை அப்படியே இருக்கும். துணியை உதறாமல் காயப்போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தள்ளுங்க, நானே பாத்துக்கறேன்."

"தொட்ட, மகளுக்குப் போன் போட்டுருவேன். மகாராணி, போய் உக்காருங்க."

இப்படி இரண்டு பேரும் மல்லுக்கட்டியே பத்து நாள் ஓட்டினோம். பதினோராம் நாள் காலையில், ஜன்னலோரம் விரலைச் சாய்த்தபோது மெல்லிய சுழிகள் தெரிந்தன. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, "ரோடு போட்டுட்டாங்க" என்றார்.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. போவது உறுதி என்றானதும் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று மனசு குதிக்க ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்து யார் கொடுப்பார்கள்? அந்த ஊரில் சுக்கு உண்டா, திப்பிலி உண்டா? அன்றைக்கே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் மருந்துச் சாமான் வாங்கினேன். கூடவே இரண்டு கிலோ சின்னப் பூண்டு. பூண்டு லேகியம் கிளறி பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோவதாகத் திட்டம். மறுநாள் காலையிலேயே அவர் முடி வெட்டப் போனார்; போனால் கடையில் அரட்டையடித்துவிட்டு மதியம் சாய்ந்துதான் திரும்புவார். நான் பூண்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

முதலில் கையுறையோடுதான் உரித்தேன். பூண்டு வழுக்கியது. பிளாஸ்டிக் கையுறை மாட்டினேன், நகம் ஏறவில்லை. சரி, ஒரு பத்துப் பல் என்று கழற்றினேன். பத்து நாளுக்குப் பிறகு கைக்கு ஒரு வேலை கிடைத்ததில் உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டு கிலோவையும் உரித்துத் தள்ளினேன். அவர் திரும்பி வந்தபோது வீடு முழுக்க லேகிய மணம். அவர் என் கையைப் பார்த்தார், போய் வேஸ்லின் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாலைக்குள் விரல் நுனி எரிய ஆரம்பித்தது. மறுநாள் தோல் வெள்ளையாக உரிந்துகொண்டு வந்தது.

பதினான்காம் நாள் அதே கவுண்டர், அதே பெண். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. அவள் என் விரலைப் பிடித்துப் பார்த்து, லேசாக மூக்கைச் சுளித்தாள். "பாவாங் பூத்தே?" என்று கேட்டாள். பூண்டு வாடை இரண்டு நாள் ஆகியும் போகவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். விமானத்துக்கு முந்தின நாள் காலையில் வாருங்கள், ரேகை படிந்துவிட்டால் அன்றே பாஸ்போர்ட் புத்தகம் கைக்கு வந்துவிடும் என்றாள். 

மகளிடம் சொல்லாமல் மறைக்கலாமா என்று ரயிலில் வரும்போது முழுக்க யோசித்தேன். முடியவில்லை. சொன்னதும் அவள் கத்தினாள்.

"யாருமா லேகியம் கேட்டா? நான் கேட்டேனா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "பின்ன நான் எதுக்கு வர்றேன்? ஆக்கிப் போடத்தானே, பிள்ளையக் குளிப்பாட்டத்தானே? கைய மடியில வச்சிக்கிட்டு உக்காரவா பிளைட் ஏறி வரணும்? அதுக்கு நான் எதுக்கு, ஒரு பொம்மை வாங்கி வச்சிக்க!"

 அவள் அழுதுவிட்டாள். "எனக்குப் பயமா இருக்குமா. நீ பக்கத்துல உக்காந்திருந்தா போதும். சமைக்க இங்க ஆயிரம் வழி இருக்கு."

உண்மையைச் சொல்கிறேன், நான் அதை நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். வேலை செய்யமுடியாத நான் ஒருத்திக்கு எதற்குத் தேவைப்படுவேன் என்று எனக்குப் புரியவேயில்லை. யாருக்கும் தேவைப்படாமல் போய்விடுவேன் என்கிற பயம்தான் என்னைப் பூண்டு உரிக்கவைத்தது என்பதும் அப்போது தெரியவில்லை.

அடுத்த ஒன்பது நாள் கையை மடியில் வைத்தேன். நிஜமாகவே வைத்தேன். தினமும் எங்களுக்கு மாலை, அவளுக்குக் காலை, அவள் அழைப்பாள். "கையக் காட்டு" என்பாள். வலது, இடது, உள்ளங்கை, புறங்கை எல்லாம் காட்டவேண்டும். அதோடு வைத்துவிடுவாள் என்று பார்த்தால் வைக்கமாட்டாள். வெளியே மழை கொட்டும். நான் சோபாவில் அசையாமல் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் போனை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்துவைத்து, குழம்பைக் கிண்டிக்கொண்டே ஐந்து நிமிடம் பேசுவேன். அவள் மேலுதட்டில் ஒரு சின்ன மச்சம் இருப்பதை மறந்தே போயிருந்தேன்.

ஒருநாள் அவள் தன் முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னாள். காலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்து, காலுறை ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறாள். கடைக்காரப் பெண் ஒருத்திதான் கிரீம் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட எப்பமா சொல்றது? நீ எப்பவும் வேலையா இருப்ப."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எழுந்து எதையாவது துடைக்கவேண்டும் போல் கை பரபரத்தது. எழவில்லை.

விமானத்துக்கு முந்தின நாள் காலை கவுண்டர் திறக்கும் முன்பே போய் நின்றேன். வலது விரல் சிவப்பு. இடது விரலை வைத்தேன். அந்தப் பெண் தடுப்புக் கண்ணாடியின் இடைவெளி வழியாகக் கை நீட்டி, என் விரல்மேல் தன் விரலை வைத்து மெல்ல அழுத்திப் பிடித்தாள். பச்சை. "டாப்பாட், மக்சிக்!" என்று என்னைவிட அவள்தான் உரக்கக் கத்தினாள். கிடைத்துவிட்டது.

மாலையில் வழக்கமான நேரத்துக்கு மகள் அழைத்தாள். புத்தகத்தைக் காட்டினேன். சிரித்தாள், அழுதாள், அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினாள். பிறகு, "நாளைக்கு இந்நேரம் நீ பிளைட்ல இருப்ப, கூப்பிட முடியாது" என்றாள். ஆமாம் என்றேன். இருவருமே போனை வைக்கவில்லை. பெட்டி இன்னும் கட்டவில்லை, அடுப்பில் எதையோ அவர் தீயவிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து போகவில்லை.