செருப்புகளுக்குப் பக்கத்தில்

நேற்று ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் புடவையில் இரும்புத்தூளும் மிஷின் ஆயிலும் கலந்த வாடை அடித்ததும், கும்மிடிப்பூண்டியில் இப்போது லாரிகள் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த எங்கள் ஜெபவீடு ஞாபகம் வந்தது. தகரக் கூரையின் கீழே பாயில் நெருக்கி உட்கார்ந்து நாங்கள் கைதட்டிப் பாடும்போது, பக்கத்து உருக்காலையின் இரைச்சலும் கூடவே பாடுவதுபோல இருக்கும்.

பத்து வயதில் எனக்குப் பரிசுத்தம் என்றால் வெளுத்துத் தேய்த்த வெள்ளை கவுன்தான். பழைய இரும்பு பிரிக்கிற வேலையிலிருந்து நேராக ஆராதனைக்கு வந்த எஸ்தர் அக்கா ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்ததும், மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தேன்.

"இன்னா பாப்பா, நாத்தம் அடிக்குதா? சிப்ட் முட்ச்சி அப்டியே வந்துட்டேன்மா," என்று அக்கா சிரித்தாள்.

"கர்த்தர் ஊட்டுக்குக் குளிச்சிட்டுதான் வரணும்க்கா," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. பெரியவர்கள் யாரும் என்னைக் கண்டிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தாள். நான் ஒருமுறைகூட உள்ளே கூப்பிடவில்லை. ஜெபவீடு இருந்த இடம் வேறொருவருக்குக் கைமாறி, கடைசி ஆராதனை முடிந்த அன்று, வெளியே வந்த என்னை அவளே நிறுத்தினாள். கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துவிட்டு, அதன்பிறகே என் தலையில் வைத்து எனக்காக ஜெபித்தாள்.