சண்முகவேலும் நான்கு பிளக் வயர்களும்

ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியர் அறைக்கு எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். மறுமுனையில் முருகேசன், சண்முகவேலின் மைத்துனர். அத்தானுக்குக் காலையில் நெஞ்சுவலி வந்ததாகவும், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். பல வருஷம் ஒரே மேடையில் உட்கார்ந்த மனிதர் போய்விட்டார் என்று கேட்டதும் அழுகை வர வேண்டும். எனக்கு வந்தது கோபம். "ஜீப் பாதியில நின்னுட்டா?" என்றுதான் கேட்டேன். "இல்ல சார். ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு" என்றார்.

எங்கள் மெல்லிசைக் குழுவை அறிந்தவர்களுக்கு என் கேள்வி விநோதமாகத் தோன்றாது. குழுவின் தலைவரும் பாடகரும் சண்முகவேல். நான் கீபோர்டு. வார நாட்களில் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், நான் பள்ளிக்கூட வாத்தியார். முகூர்த்த நாட்களிலும் கோயில் கொடை விழாக்களிலும் நாங்கள் வேறு ஆட்கள். எங்களையும் வாத்தியங்களையும் ஊர் ஊராகச் சுமந்தது அவருடைய பழைய பெட்ரோல் ஜீப். ஏதோ ஓர் அரசாங்க அலுவலகம் போதும் போதும் என்று ஏலத்தில் தள்ளிவிட்டதை, ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காத பொக்கிஷத்தைத் தட்டிக்கொண்டு வந்த மாதிரி இவர் வாங்கி வந்தார். எங்கள் ஆயுளில் பாதி அந்த ஜீப்பைத் தள்ளியே கழிந்தது.

அதற்குக் காரணம் ஜீப் அல்ல, அவர்தான். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் ஜீப்பைக் குறுக்குத்துறைக்கு ஓட்டிப்போய், முன்சக்கரம் நனையும்வரை ஆற்றில் இறக்கி நிறுத்துவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி வாளியாக ஊற்றுவார். அங்கே ஆட்டோக்காரர்களும் கழுவத்தான் செய்கிறார்கள். ஆனால் இவர் பானெட்டைத் திறந்து எஞ்சினையும் குளிப்பாட்டுவார். எஞ்சினில் தண்ணீர் ஊற்றாதேயும் என்று நானும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். "தாமிரவருணித் தண்ணி வே. மனுசனுக்கே மருந்து. வண்டிய என்ன செய்யப் போவுது?" என்பார். நான் கரையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தை மாதம் வள்ளியூரில் கல்யாண வரவேற்பு. பெண்ணின் அப்பா எங்கள் கச்சேரியை ஏற்கெனவே ஓரிடத்தில் கேட்டு, இவர்கள்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக அழைத்திருந்தார். புறப்படுவதற்குச் சற்று முன்புதான் இவர் ஜீப்பைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தார். ஈரம் மின்ன மண்டப வாசலில் போய் இறங்க வேண்டுமாம். தாழையூத்து சிமெண்ட் லாரி மூச்சுவாங்குவது போல ஆரம்பத்திலிருந்தே ஜீப் திக்கிக்கொண்டே போனது. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை, பிறகு இரண்டு. மூன்றடைப்பு தாண்டியதும் அடியோடு நின்றுவிட்டது.

பொழுது சாய்கிற நேரம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அவரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பானெட்டின் நிழலில் பிளக் வயர்களிலிருந்து நீல நீலமாகப் பொறி பறந்தது. வயர்களின் ரப்பர் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. வெடிப்பில் இறங்கிய ஆற்று நீர் வழியே கரண்டு பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்பிலேயே பாய்ந்துகொண்டிருந்தது. இந்த நாலு வயரையும் மாற்றினால் போதும் என்று சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகளை எடுத்து வயர்களுக்குக் கட்டுப் போட்டார். துடைத்து, ஊதி, காத்திருந்து, ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும் அவர் சொன்ன வார்த்தை உங்களில் பலருக்குப் பழக்கமானது. "இப்போதைக்கு ஓடுதுல்லா?"

நாங்கள் வள்ளியூர் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை. மறுநாளே ஜங்ஷனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் நாலு பிளக் வயரும் புதிதாக வாங்கி, அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். மாற்றிவிடும் வே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் மாற்றவில்லை. சித்திரை போயிற்று, ஆடிக் கொடைகளும் போயின. ஜீப் திக்கியது, நாங்கள் தள்ளினோம். ஆயுத பூஜையன்று அவர் வீட்டுக்குப் போனேன். ஆர்மோனியத்துக்கும் மைக்குக்கும் நடுவே, பிரிக்காத உறையோடு அந்தப் புது வயர்கள் இருந்தன. மேலே சந்தனம், குங்குமம், ஒரு பூ. எனக்கு ரத்தம் கொதித்தது. வண்டியில் மாட்ட வேண்டிய சாமானுக்குச் சூடம் காட்டுகிற மனிதரை என்ன செய்வது? அவர் மனைவி கோமதி மதினி சுண்டலோடு வந்து, "நானும் சொல்லித்தான் பாக்கேன். உங்க சேக்காளி யார் பேச்ச கேக்காவ?" என்றார். எனக்கு இரண்டு கை சுண்டல் கூடவே கிடைத்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வயரை மாற்றாமல் காப்பிகூடக் குடிக்க மாட்டேன் என்றேன். முனகிக்கொண்டே வந்தார். செய்ய வேண்டியது சின்ன வேலை. பழைய வயரில் ஒன்றைக் கழற்ற வேண்டும், அதே நீளத்துக்குப் புதியதை எடுத்து அதே இடத்தில் மாட்ட வேண்டும், பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். எந்த வயர் எந்த பிளக்குக்கு என்பது மாறினால் எஞ்சின் வேலை செய்யாது. இதை அவருக்கு நிதானமாக விளக்கிவிட்டு, கை துடைக்கத் துணி வாங்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், நாலு வயரையும் கொத்தாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், கீரைக்கட்டு வாங்கி வந்தவரைப் போல.

"ஒவ்வொண்ணா கழத்தச் சொன்னேம்லா வே?"

"எதுக்கு வே கத்துதீரு? நாலையும் மாத்தத்தானே போறோம்?"

அன்றைக்கு நான் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. எது எங்கே இருந்தது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. புது வயர்கள் நாலும் ஏறத்தாழ ஒரே நீளம். ஒரு மாதிரி ஊகித்து மாட்டினோம். செல்ஃப் அடித்தால் சைலன்சர் வேட்டுப் போட்டது. எதிர்வீட்டில் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. மாற்றி மாட்டினோம். இந்தத் தடவை எஞ்சின் ஓடியது, ஆனால் நொண்டியது. நான் ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு, மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"பைய இரும், வாத்தியாரே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஜீப்பின் மட்கார்டில் விரலால் தட்டத் தொடங்கினார். தாளம் தப்பிய தபலாக்காரரைப் பாட்டின் நடுவிலேயே கண்டுபிடித்துத் திரும்பிப் பார்ப்பாரே, அதே முகம். எஞ்சினை நிறுத்தாமல் ஒவ்வொரு வயராகத் துணியைச் சுற்றிப் பிடித்துக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். இரண்டைத் தூக்கியபோது தாளம் இன்னும் கெட்டது. மற்ற இரண்டைத் தூக்கியபோது ஒரு மாற்றமும் இல்லை. "இந்த ரெண்டும் சும்மா வந்து உக்காந்திருக்கு. எடம் மாத்திப் போடும்" என்றார். எஞ்சினை நிறுத்தி, மாற்றிப் போட்டேன். ஜீப் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஓடி நான் கேட்டதில்லை. எனக்கு இருந்த கோபத்தில் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. மீதிப் பாதி போகாமல் இருக்க அவரே வழி செய்தார். பழைய வயர்களைச் சுருட்டி, சணல் போட்டுக் கட்டி, சீட்டுக்கு அடியில் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "அவசரத்துக்கு ஆவும்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் குழு எந்த ஊருக்கும் தாமதமாகப் போகவில்லை. ஆற்றில் குளிப்பாட்டுவதை மட்டும் அவர் விடவில்லை, வயர் புதிது என்பதால் ஜீப் தாங்கிக்கொண்டது.

தாங்காதது அவர் உடம்பு. இந்த வருஷக் கொடைகளில் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சரணத்துக்கு முன்னால் நிறுத்திக்கொள்வார். மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்குவார், அல்லது பின்பாட்டுக்காரரைப் பாடச் சொல்லிக் கையைக் காட்டிவிடுவார். பாட்டு முடிந்ததும் இடது தோளைத் தடவிக்கொள்வார். ஏரலில் ஒரு கச்சேரி முடிந்து அவரைப் பிடித்துக் கேட்டேன். வாயு என்றார். கோலி சோடா வாங்கிக் குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, பார்த்தீரா என்பது போல என்னைப் பார்த்தார். என் வற்புறுத்தலில் ஒரு டாக்டரிடம் வந்தார். டாக்டர், நெஞ்சுக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். அதற்கு இவர் நாள் குறிக்கத் தொடங்கினார். வைகாசி முகூர்த்தம் முடியட்டும். ஆனி முடியட்டும். கொடைகள் முடியட்டும். நான் கத்தினேன், மதினி அழுதார், நான் பேசாமலும் இருந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"இப்போதைக்கு ஓடுதுல்லா வே?"

பதினாறு முடிந்து மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தக் காலையைப் பற்றி அவராகவே சொன்னார். முருகேசன் ஓட்ட, பின்சீட்டில் மதினியின் தோளில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாராம். வியர்த்துக் கொட்டியதாம். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது மதினியின் புறங்கையில் விரலால் தட்டினாராம். வலியில் தட்டுகிறார் என்று மதினி நினைத்திருக்கிறார். "கேட்டியா? நாலும் சரியா விழுது" என்றாராம். பாலம் முடிவதற்குள் அந்தத் தட்டு நின்றுவிட்டது. ஜீப் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு தடவைகூடத் திக்காமல் போயிருக்கிறது.

அதைக் கேட்டுவிட்டு வாசலில் நின்ற ஜீப்பை நான் காலால் உதைத்தேன். மதினி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய வயர்க்கட்டை எடுத்து வந்து, இதை என்ன செய்ய என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். கீபோர்டுப் பெட்டியில், சணல் அவிழ்க்காமல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய குரல் நினைவுக்கு வர வேண்டும் என்று ஆசைதான். வருவதென்னவோ கோபம். இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு அவர் பாட்டைப் புகழ்ந்தார்கள். எனக்கு அவரிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது, அங்கே கேட்க முடியவில்லை. இங்கே எழுத்தில் கேட்டுவிடுகிறேன். ஜீப்புக்கு ஒரு ஞாயித்துக்கிழம குடுத்தீரே வே, உமக்கு ஒரு அரை நாள் குடுத்திருக்கக் கூடாதா?