கிளெனிஸ் தேர்ந்தெடுத்த பாடப்புத்தகம்

கிளெனிஸ் டக்வெல்லுக்கு ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் எங்கள் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். முதலில் மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு வரும். அடுத்து அவள் புத்தகத்தைப் போடும் போட்டில் மேஜை அதிரும். சிட்னிக்கு மேற்கே மலை தாண்டி இருக்கும் மெரிகல் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் நூலகராக இருந்த காலம் முழுக்க அந்த அதிர்வுக்குப் பழகியிருந்தேன்.

பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பண்டைய வரலாறு எடுப்பவள் அவள். ஊருக்கு வெளியே ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரத்தின் தெருக்களை எங்கள் கடைத்தெருவைப் போலச் சொல்லுவாள். ஆனால் இத்தாலியை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. போவதாக இருந்த வருடம் வறட்சி வந்து ஆடுகளுக்குத் தீவனம் சுமக்க வேண்டியிருந்தது. அடுத்த தடவை அவளுடைய அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

அந்த வருடம் பாடத்திட்டம் மாறியது. பழைய புத்தகங்கள் உதவாது, புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடு என்று ட்ரெவர் பாஸ்க் மாதிரிப் பிரதிகளை அவள் மேஜையில் கொண்டுவந்து குவித்தான். ட்ரெவர் சமூக அறிவியல் துறைக்குத் தலைவன். அவனுடைய சொந்தப் பாடம் வணிகவியல்.

“எதையாவது ஒண்ண எடு கிளெனிஸ். செத்துப்போனவங்களப் பத்தின புத்தகம்தானே. அவங்க என்ன, இனிமே மாறவா போறாங்க?”

“அவங்க மாறல ட்ரெவர். அவங்களப் பத்திப் புளுகுறவங்கதான் மாறிக்கிட்டே இருக்காங்க.”

புத்தகங்களைச் சோதிக்க அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து ஒரு வாக்கியத்தில் விரலை வைப்பாள். இது இவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் புத்தகத்தில் பதில் இருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் மேஜை அதிரும்.

முதல் புத்தகம் திருமண ஆல்பம் போல் வழவழப்பாக இருந்தது. எகிப்தியச் சுவர்ச் சிற்பம் ஒன்றை இடவலம் மாற்றி அச்சிட்டிருந்தார்கள்; எழுத்துகள் எல்லாம் எதிர்த் திசையில் ஓடின. பாம்பெயில் இருபதாயிரம் பேர் வாழ்ந்தனர் என்று அடித்துச் சொன்னது. வீடு வீடாகப் போய் எண்ணினது யார் என்று கிளெனிஸ் என்னிடம் கேட்டாள், நான்தான் எழுதினேன் என்பது போல. இரண்டாவது புத்தகம், ஸ்பார்ட்டாக்காரர்கள் நோஞ்சான் குழந்தைகளை மலையிலிருந்து எறிந்தார்கள் என்றது. அந்தச் செய்தியை எழுதிவைத்த ஆள் பல நூறு வருடம் கழித்துப் பிறந்தவன் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாவது புத்தகமே இல்லை. இணையத்தில் படிக்கிற பாடம். ட்ரெவருக்குப் பிடித்தது அதுதான். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கேள்வி. ஒரு ஊரே எரிமலையில் மாண்டதைப் பற்றிய கேள்விக்குச் சரியான விடையைத் தொட்டால் திரையில் கலர் கலராகப் பலூன் பறந்தது. கிளெனிஸ் அதை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றாள்.

கடைசிப் புத்தகம் சாம்பல் நிற அட்டையோடு, ஏனோதானோ என்று இருந்தது. எழுதியவர் லயனல் பின்னி என்றிருந்தது. எங்களுக்குத் தெரியாத பெயர். கிளெனிஸ் பிரித்தாள், விரலை வைத்தாள், வாசித்தாள். மறுபடியும் இன்னொரு பக்கத்தில் வைத்தாள். மூச்சு வரவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் யார் சொன்னது, எப்போது சொன்னது, சொன்னவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாதது எது என்று பின்னி பொறுமையாக எழுதியிருந்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டை அவள் மறந்துவிட்டாள். அவள் வாங்கிவைத்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஆறி விறைத்துப் போயிற்று.

ஆனாலும் புத்தகத்தோடு குப்பை கொட்டப் போவது பிள்ளைகள்தானே என்று, அச்சிட்ட மூன்று புத்தகத்தையும் வகுப்பில் வைத்து விரும்பியவர்களை எடுத்துப்போகச் சொன்னாள். பின்னியின் புத்தகம் டானிகா நேப்பியர் கைக்குப் போனது. டானிகா இந்தப் பாடத்தை விட்டுவிட்டு மரவேலைக்கு மாறப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். இந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். அவளுடைய தாய்மாமன் ஊர்ப் பெரியவர்களோடு லண்டனுக்குப் போய், அங்கே ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் கிடந்த தங்கள் முன்னோரின் எலும்புகளை வாங்கிவந்து அடக்கம் செய்தவர்.

இறந்தவர்களின் உடலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் காட்டலாமா என்று பின்னி ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். பாம்பெயில் சாம்பலுக்குள் புதைந்தவர்களின் வார்ப்பு உருவங்களில் ஆரம்பித்து, எகிப்தின் பதப்படுத்திய உடல்கள் வழியாக, எங்கள் நாட்டுக்குத் திரும்பி வந்த எலும்புகள் வரைக்கும் அது போயிற்று. காட்டலாம் என்பவர்கள், கூடாது என்பவர்கள், இரண்டு பக்கத்து வாய்மொழியும் முழுசாக இருந்தது. டானிகா அதை மாமாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் நூலகத்தில் கிளெனிஸிடம் வந்து நின்றாள்.

“மாமா கேட்டாரு மிஸ். இத நிஜமாவே ஸ்கூல்ல சொல்லித்தருவாங்களான்னு.”

“நான் சொல்லித்தருவேன்.”

“அப்போ மரவேலைக்குப் போகல.”

அதற்குப் பிறகு ட்ரெவரால் கிளெனிஸை அசைக்க முடியவில்லை. பாதிப் பிள்ளைகள் பண்ணை வீட்டில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், இணையப் பாடத்தை அங்கே உட்கார்ந்தா படிப்பார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். ட்ரெவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னியின் புத்தகத்தை வாங்கக் கையெழுத்துப் போட்டான்.

புத்தகங்கள் பெட்டி பெட்டியாக நூலகத்துக்கு வந்தன. அதே சாம்பல் அட்டை, அதே பெயர். முத்திரை குத்த நான் ஒன்றை எடுத்தபோது புத்தகம் எடை குறைந்திருப்பது போலத் தோன்றியது. கிளெனிஸ் என் கையிலிருந்து பிடுங்கிப் பிரித்தாள். திருத்திய பதிப்பாம். மேற்கோள்களில் பெரும்பகுதி போயிருந்தது. டானிகா வாசித்த அத்தியாயம் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: “இறந்தோரின் உடல்களைக் காட்சிப்படுத்துவதைச் சிலர் எதிர்க்கின்றனர்.” பக்கத்தில் சப்பென்று கேள்வி ஒன்று: உன் கருத்தை எழுதுக.

பதிப்பகத்துக்கு அங்கேயிருந்தே போன் போட்டாள். பாடல் ஓடியது. ஒரு பெண் வந்தாள், இன்னொருவரிடம் மாற்றினாள், மறுபடி பாடல் ஓடியது. கடைசியில் வந்தவன், கனமான பை தூக்கி மாணவர்களுக்கு முதுகு வலிக்கிறது என்று ஆய்வு சொல்வதாகவும், அதனால் பக்கங்களைக் குறைத்ததாகவும் விளக்கினான். எங்கள் பிள்ளைகள் விடுமுறையில் செம்மறியைத் தூக்கி வேனில் ஏற்றுகிறவர்கள் என்றாள் கிளெனிஸ். உங்கள் கருத்துக்கு நன்றி என்று அவன் வைத்துவிட்டான்.

டானிகாவிடம் அவளே போய்ச் சொன்னாள். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று பின்னால் என்னிடம் வருத்தப்பட்டாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு, “வழக்கமா நடக்கறதுதானே மிஸ்” என்றாளாம்.

அந்த ஒரு வார்த்தைதான் கிளெனிஸைச் சிட்னிக்கு ஓட்டியது. பள்ளி விடுமுறையில் அங்கே வரலாற்று ஆசிரியர்கள் மாநாடு. லயனல் பின்னி பேசுகிறார் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருந்தது. நானும் கூடப் போனேன். மலையைத் தாண்டும்வரை என்னென்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். பெரும்பாலானவை அச்சில் ஏறாத வார்த்தைகள்.

பின்னி ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மை கசிந்திருந்தது. பேசி முடித்ததும் கேள்வி உண்டா என்றார்கள். கிளெனிஸ் எழுந்தாள்.

“கேள்வி இல்ல, குறை. மாதிரின்னு ஒரு புத்தகம் அனுப்புனீங்க. சண்டை போட்டு அதான் வேணும்னு வாங்குனோம். வந்தது வேற. அட்டை மட்டும்தான் அது. எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி உங்க அத்தியாயத்தப் படிச்சிட்டுத்தான் இந்தப் பாடத்துலயே இருக்கா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அரங்கில் பலபேர் கைதட்டினார்கள். பின்னி வாயைத் திறப்பதற்குள் பதிப்பகத்துப் பெண் ஒலிவாங்கியை வாங்கி, வாசகர்களின் தேவைக்கேற்ப என்று ஆரம்பித்தாள். கிளெனிஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தேநீர் மேஜையில் லாமிங்டன் கேக் ஒன்றை அவள் கோபத்தில் நசுக்கிக்கொண்டிருந்தபோது பின்னி தேடிக்கொண்டு வந்தார். அவரும் சிட்னியின் மேற்குப்பகுதியில் அரசுப் பள்ளியில் வகுப்பெடுக்கிறவர்தானாம்.

“அந்த அத்தியாயத்துக்காக ஊர் ஊராப் போனேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் அனுமதி கேட்டு எழுதினது. வெட்டியாச்சுன்னு எனக்கு வந்தது ரெண்டு வரி மெயில்.”

“நீங்க சண்டை போடலையா?”

“போட்டேன். தோத்துட்டேன்.”

“சரியாப் போட்டிருக்க மாட்டீங்க.”

அவர் சிரித்துவிட்டார். வெட்டிய பக்கங்கள் தன்னிடமே இருக்கின்றன, பதிப்பகம் கைவிட்டதால் உரிமையும் தன்னுடையதுதான், வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாரக் கடைசிக்குள் அனுப்பியும் விட்டார். மாதிரிப் பிரதியில் பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தது. முதல் பதிப்பிலேயே விட்டுப்போன நேர்காணல்களையும் சேர்த்திருந்தார்.

நூலகத்தில் நகல் எடுத்தோம். இயந்திரம் நடுவில் இரண்டு முறை மக்கர் பண்ணியது. பிள்ளைகள் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து அந்த ஒற்றை வரி இருந்த பக்கத்தின் மேல் புதுத் தாள்களை ஒட்டினார்கள். பள்ளிச் சொத்தைப் பாழாக்குகிறீர்கள் என்று ட்ரெவர் வந்து நின்றான்.

“பாழாத்தான் வந்துச்சு ட்ரெவர். நாங்க ரிப்பேர் பண்றோம். நீயும் உக்காரு, பசை இருக்கு.”

உட்காரவில்லை. ஆனால் புகாரும் எழுதவில்லை.

ஒட்டிய புத்தகங்கள் உப்பிப்போய் அலமாரியில் ஒழுங்காக நிற்கவே இல்லை. என் பாடு திண்டாட்டம். டானிகாவின் மாமா ஒரு நாள் வகுப்புக்கு வந்து பேசினார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஆரம்பித்தார். பிள்ளைகள் மணி அடித்தும் எழவில்லை. பொதுத்தேர்வில் டானிகாவுக்குப் பிரமாதமான மதிப்பெண் வரவில்லை, நல்ல மதிப்பெண் வந்தது. இப்போது ஓர் அருங்காட்சியகத்தில், எது யாருடையது என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் பிரிவில் இருக்கிறாள்.

அந்த மாநாட்டில் கைதட்டியவர்கள் பலபேர் பதிப்பகத்துக்கு எழுதியிருப்பார்கள் போல. அடுத்த பதிப்பில் அத்தியாயம் திரும்பி வந்தது. அச்சுக்கு முன் படித்துப் பார்க்கும்படி பின்னி கிளெனிஸிடம் கேட்டார். அவள் ஒரு விடுமுறையையே அதில் செலவழித்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பில் எழுதி அனுப்பினாள். புத்தகம் வந்தபோது நான்தான் பெட்டியைத் திறந்து ஒன்றை அவளிடம் நீட்டினேன். நன்றியுரையில் அவள் பெயரும் இருந்தது: கிளாடிஸ் டக்வர்த்.

மேஜை அதிர்ந்தது; நூலகத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.