எதிர்வீட்டு அரிசி

பிள்ளைகளே, என் அம்மா ஒருநாள் மஞ்சள் சேலை கட்டி, வீடு வீடாகப் போய் மடியேந்தி அரிசி கேட்டார். நாங்கள் ஏழையாகிவிட்டோம் என்று பயந்துபோனேன். பயப்பட ஒன்றுமே இல்லை. அது ஒரு வேண்டுதல்.

எங்கள் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறவர். ஒருநாள் பக்கத்து மரத்துக் குலை அவர் வலது தோளில் விழுந்துவிட்டது. அதை வெட்டியவர் எதிர்வீட்டு மாமா. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வெட்டினார் என்று அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார். எதிர்வீட்டு அத்தையும் விடவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

தோள் சரியானால், தோட்டத்தில் ஒரு வீடு விடாமல் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியிலேயே மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். தோள் சரியானது. திருவிழாவும் வந்தது. வேண்டிக்கொண்ட அவசரத்தில் எதிர்வீட்டை அம்மா மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி போட்டார்கள். அவரவர் வீட்டில் எந்த அரிசி இருந்ததோ அது. புழுங்கல், பச்சரிசி, சியாம் அரிசி எல்லாம் மடியில் ஒன்றாய்க் கலந்தன. கடைசியில் எதிர்வீடு.

"இது மட்டும் வேணாம்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"அம்மனுக்குத் தெரியுமேடா."

கதவு திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடியது. யாரும் வரவில்லை. அம்மா ஏந்திய மடியை இறக்காமல் வெயிலில் நின்றார். இந்த ஒரு வீட்டில் கிடைக்காவிட்டால் வேண்டுதல் அரைகுறைதான். வெகுநேரம் கழித்து அத்தை வந்தார்.

"என்ன இந்தப் பக்கம்? வழி தவறிப்போச்சா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன் அண்ணி. அரிசி போடுங்க."

"எங்க வீட்டு அரிசி கசக்காதா?"

"வெல்லம் கூடப் போட்டுக்கிறேன்லா."

அத்தை சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. உள்ளே போனவர் ஒரு சட்டி நிறைய அரிசியோடு வந்து மடியில் கொட்டினார்.

"அம்மனுக்குப் போடுறேன். உனக்கு இல்ல."

"நானும் எனக்குக் கேக்கலையே!"

கோயில் வாசலில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்திருந்தார்கள். எங்கள் பானை பொங்கி வழிந்தபோது குலவை போட்டவர்களில் அத்தையின் குரல்தான் பெரிது. படையல் முடிந்து வாயில் வைத்தால், பாதிச் சோறு குழைந்திருந்தது, பாதி பல்லில் கடிபட்டது.

"கடையில ஒரே அரிசியா வாங்கியிருந்தா நல்லா வெந்திருக்கும்!" என்று கத்தினேன்.

"வேகாததெல்லாம் எங்க வீட்டு அரிசிதான்டா, மென்னு தின்னு!" என்றார் அத்தை. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா மட்டும் குலை ஏற்றும் லோரி பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரைக் கூப்பிட்டு, பாயில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அது நான் உட்கார்ந்திருந்த இடம். என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு ஒரே ஆத்திரம்.

அப்பா வலது கையாலேயே கரண்டியைத் தூக்கி மாமாவின் இலையில் பொங்கலை வைத்தார். மாமா அந்தக் கையையே பார்த்தார். பிறகு குனிந்தவர், இலை காலியாகும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

பாவம், நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.