முக்கால் அப்பா

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். எனக்கு நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பீர்கள். மன்னிக்கவும், இது பட்டப்பகலில் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஆரம்பித்தது. ஆனால் வீடியோ கேம் கடைக்குள் பகல் ஏது? ஜன்னலே கிடையாது. ஷட்டரை இறக்கினால் எந்த நேரமும் ராத்திரிதான்.

ஒரு காலத்தில் என் கடையில் இருபத்திரண்டு மெஷின்கள். லீவு நாளில் கால் வைக்க இடம் இருக்காது. பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. சட்டைப் பையிலேயே விளையாட்டு இருக்கும்போது என் கடைக்கு எவன் வருவான்? ஒவ்வொன்றாக விற்றேன். ஆறு மிஞ்சியது. ஐந்தை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினேன். மூலையில் நின்ற விமானச் சண்டை மெஷின் மட்டும் வாடிக்கையாளருக்கு இல்லை. அது என் மகளுடையது.

வாலு என்றுதான் கூப்பிடுவோம். மர முக்காலி போட்டு ஏறி நின்று ஆடுவாள். பத்து வயதில் அதில் முதலிடம் பிடித்தாள். ஜெயித்தவர் பெயரைப் போட மூன்று ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். கழுதை, தன் பெயரை விட்டுவிட்டு ‘அப்பா’ என்று போடப் பார்த்தாள். அதற்கு நாலு எழுத்து வேண்டுமே! ஒரு ‘பி’யை விட்டுவிட்டு ஏ, பி, ஏ என்று போட்டாள்.

“முக்கால் அப்பாதான்பா உள்ள போனீங்க. மிச்சக் காலை அப்புறம் போடறேன்” என்று சிரித்தாள்.

மூன்றே வாரம். காய்ச்சல் வந்தது. போய்விட்டாள்.

பழைய மெஷின் அது. கரண்ட் போனால் ஸ்கோர் அழிந்துவிடும். தனியாக ஒரு பேட்டரிப் பெட்டி வைத்து, ஆறு வருடம் அணையாமல் பார்த்துக்கொண்டேன். யாரையும் தொட விடவில்லை. தினமும் காலையில் திரையைத் துடைப்பேன். முதல் வரியில் ஏ, பி, ஏ இருக்கும். எனக்கு அது போதும்.

கடையை மூடிவிடுவது என்று முடிவானது. மறுநாள் காலை மெஷின்களை எடுத்துக்கொள்ள மெக்கானிக் வருவார். மனைவி போனில் பேசினாள்.

“அது மெஷினுங்க. நம்ம பொண்ணு இல்ல. கழட்டிக் குடுத்துருங்க.”

சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

3:10. ஷட்டரை இறக்கினேன். ஐந்து மெஷின்களையும் அணைத்தேன். மூலையில் அவளுடைய திரை மட்டும் எரிந்தது. ஆறு நிமிடம் அதன் முன்னால் நின்றேன்.

3:16. பேட்டரிப் பெட்டியிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. “மன்னிச்சுக்கோடி” என்றேன். சுவரோரம் திரும்பி நின்று வாய்விட்டு அழுதேன். பாவி, என் கையாலேயே அழித்துவிட்டேன்.

3:19. பின்னால் ஒரு சத்தம்.

கர்ர்ர்ர்...

மர முக்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம். அந்த முக்காலி ஆறு வருடமாக எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

டக்... டக்...

பொத்தானை யாரோ அமுக்குகிறார்கள்.

திரும்பினேன். திரை எரிந்துகொண்டிருந்தது. பிளக் என் கையில் இருந்தது.

பெயர் போடும் பக்கம். மூன்று கட்டங்கள். கைப்பிடி தானாக அசைந்தது.

ஏ...

பி...

பி...

கட்டங்கள் தீர்ந்துவிட்டன.

டக்.

கட்டமே இல்லாத இடத்தில், நாலாவதாக...

ஏ.

“வாலு...” என்றேன்.

திரை அணைந்தது. மணி 3:24.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கடையை மூடவில்லை என்று சொல்லிவிட்டேன். “வந்ததுக்கு இதை மட்டும் பாருங்க, பிளக்கைப் போட்டாலும் எரியல” என்று மூலையைக் காட்டினேன். மெஷினின் பின்பக்கக் கதவைத் திறந்தவர் டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

“என்ன சார் விளையாடறீங்களா? இதுல போர்டே இல்லியே!”

போர்டுதான் மெஷினுக்கு மூளை. அது இல்லாமல் திரையில் ஒரு புள்ளிகூட வராது. அது இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சிலந்தி வலை.

முன்பு கடையில் என்னோடு வேலை பார்த்தவன் என் மைத்துனன். அவனுக்குப் போன் போட்டேன். போர்டு எங்கே என்று கேட்டேன்.

“நாலு வருஷம் முன்னாடி நான்தான் கழட்டுனேன் மாமா. பக்கத்து மெஷின் போர்டு எரிஞ்சுபோச்சு, கஸ்டமர் காத்துட்டு இருந்தாங்க. மறுநாள் நீங்க பாத்துட்டு என்னைக் கொல்லப் போறீங்கன்னு பயந்தேன். நீங்க எதுவுமே கேக்கல...”

கடை இன்னும் திறந்திருக்கிறது. சின்ன வயதில் என்னிடம் விளையாடியவர்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். மூலையில் மெஷின் இருக்கிறது. பரணிலிருந்து முக்காலியையும் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தத் திரை எரியவே இல்லை.

அவளுடைய ஸ்கோரை ஆறு வருடம் நான் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன். கடைசி நாலு வருடம் அதைக் காப்பாற்றியது நான் இல்லை.